மூக்குக்குத் தெரியாதது

கல்லூரிக் காலத்திலிருந்தே எனக்கு ஒரு வேலை உண்டு. நண்பர்கள் குடிக்கிற இடத்தில் சைடு டிஷ் காலி பண்ணுவது, கடைசியில் ஒவ்வொருவரையும் பைக்கில் கொண்டுபோய் இறக்கிவிடுவது. எவன் எத்தனையாவது ரவுண்டில் அழ ஆரம்பிப்பான், எவன் பழைய காதலிக்குப் போன் போடுவான் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. என்னையும் குடிக்கச் சொல்லி வற்புறுத்துவார்கள். "ஒத்துக்காது மச்சி" என்று சொல்லிவிட்டு மிக்சர் தட்டை என் பக்கம் இழுத்துக்கொள்வேன்.

36 வயதிலும் அந்த வேலை என்னை விடவில்லை. 2024 அக்டோபரில் அலுவலக வேலையாக மூன்று வாரம் இத்தாலியில் டூரின் நகரத்தில் இருந்தேன். இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை, கூட வேலை பார்க்கும் இரண்டு பேர் என் மேசைக்கு வந்தார்கள். ஒரு பெண், ஒரு ஆண். இருவரும் டூரின்காரர்கள். நாளைக்கு லாங்கே மலைப்பக்கம் போகிறோம், ஒயின் சுவைக்கப் போகிறோம், நீயும் வா என்றார்கள்.

"நான் குடிக்க மாட்டேனே."

இரண்டு பேர் முகத்திலும் வெளிச்சம். "அதனாலதான் கூப்பிடுறோம். உன்கிட்ட இன்டர்நேஷனல் லைசென்ஸ் இருக்குன்னு சொன்னியே?"

இத்தாலியில் ரத்தத்தில் ஒரு லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது. சுவைக்கப் போகிற இரண்டு பேரும் அந்தக் கோட்டைத் தாண்டுவது உறுதி. ஆக, ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்தும் நான் பைக்கில் இறக்கிவிடுகிறவன்தான். பைக் மட்டும் காராக மாறியிருந்தது.

*

சனிக்கிழமை காலை கிளம்பும்போது சமவெளி முழுக்கப் பனிமூட்டம். முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. வலதுபக்கம் ஓட்டிப் பழக்கமில்லாத எனக்கு உள்ளங்கையெல்லாம் வேர்த்துவிட்டது. பின்சீட்டிலிருந்து அவள் சொன்னாள்: "இதுக்குப் பேர் நெப்பியா. இன்னைக்கு நாம பாக்கப்போற திராட்சைக்கும் இதுலேருந்துதான் பேர் வந்துச்சுன்னு சொல்லுவாங்க. நெப்பியோலோ."

நெப்பியோலோ அந்தப் பக்கத்துத் திராட்சைகளில் கடைசியில் பழுக்கிற ஜாதி. மற்றவை பெரும்பாலும் முன்னாலேயே கூடைக்குப் போய்விட, இது அக்டோபர் பனி இறங்குகிறவரை கொடியிலேயே நிற்கும். அதனால் இதற்குக் குன்றின் ஆகச் சிறந்த சரிவைத் தர வேண்டும். தெற்கு பார்த்த, குளிர்காலத்தில் பனி முதலில் உருகுகிற சரிவு. அந்தச் சரிவுக்கென்றே அந்தப் பக்கத்துப் பேச்சுமொழியில் 'சோரி' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். வடக்கு பார்த்த சரிவுகளில் ஹேசல்நட் மரங்கள்.

ஆல்பா ஊருக்குள் நுழைந்தபோது கார் கண்ணாடியை இறக்கச் சொன்னார்கள். காற்றில் வறுத்த கொட்டை வாசனை. நுடெல்லா செய்கிற ஃபெரேரோ நிறுவனம் 1946இல் பிறந்த ஊர் அது. ஆலை இன்னமும் ஊருக்குள்தான் இருக்கிறது.

தானாரோ ஆற்றைத் தாண்டி மேலே ஏற ஏறப் பனி கீழே போய்விட்டது. லா மோர்ரா என்கிற ஊரின் உச்சியில் வண்டியை நிறுத்தினேன். கீழே பால் கொதித்து அடங்கினாற்போல வெள்ளை. அதன் மேல் தீவுகளாகக் குன்றுகள், ஒவ்வொரு குன்றின் தலையிலும் ஒரு கோட்டையோ மணிக்கூண்டோ. சரிவெல்லாம் சீப்பால் வாரிய தலை மாதிரி வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள், மஞ்சளும் சிவப்புமாக. தூரத்தில் ஆல்ப்ஸ். 2014இல் யுனெஸ்கோ இந்த நிலக்காட்சியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மனிதர் கைபடாத இயற்கைக்காகக் கிடைத்த பெயர் இல்லை அது. ஒவ்வொரு வரிசையும் யாரோ குனிந்து நட்டது.

இப்போது அந்த வரிசைகளுக்குள் குனிந்திருந்தவர்களில் பலர் மாசிடோனியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் என்று அவன் சொன்னான். பிளாஸ்டிக் கூடைகளில் கருநீலக் கொத்துகள் நிறைந்துகொண்டிருந்தன.

*

முதலில் போனது ஒரு சின்ன ஒயின் பண்ணை. ஒரு இளம்பெண் சுற்றிக் காட்டினாள். நிலவறைக்குள் எங்கள் ஊர் நெல்குதிர் அளவுக்கு மர பீப்பாய்கள். பரோலோ என்கிற பெயரில் ஒரு ஒயினை விற்க வேண்டுமென்றால் அது முழுக்க முழுக்க நெப்பியோலோவாக இருக்க வேண்டும், பரோலோவும் சுற்றியிருக்கிற ஊர்களுமாகச் சேர்த்து 11 ஊர் எல்லைக்குள் விளைந்திருக்க வேண்டும், குறைந்தது 38 மாதம் காத்திருக்க வேண்டும், அதில் 18 மாதமாவது மரத்துக்குள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ரிலீஸ் என்று உயிரை வாங்குகிற தொழிலில் இருப்பவன் நான். மூன்று வருஷத்துக்கும் மேல் ஒரு ரிலீஸை இருட்டில் பூட்டி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற மனிதர்களை அன்றுதான் பார்த்தேன்.

மேலே வந்ததும் நாலு கோப்பை வரிசையாக வைத்தாள். டோல்செட்டோ, பார்பேரா, இளம் நெப்பியோலோ, கடைசியில் பரோலோ. லேசானதில் ஆரம்பித்துக் கனமானதில் முடிக்க வேண்டும், கச்சேரியில் வர்ணம் முதலில் வருகிற மாதிரி. டோல்செட்டோ என்றால் 'குட்டி இனிப்பு' என்று பொருளாம், ஆனால் அந்த ஒயினில் இனிப்பு கிடையாது. பார்பேரா புளிப்பு மிகுந்தது. வீட்டுச் சாப்பாட்டோடு தினமும் குடிக்கிற ஒயின் அதுதான்.

நான் குடிக்க மாட்டேன், டிரைவர் என்றதும் அவள் முகம் சுளிக்கவில்லை. "மோந்து பாக்கலாமே, அதுக்கு லைசென்ஸ் போகாது" என்றாள்.

மோந்து பார்த்தேன். முதல் இரண்டு கோப்பையிலும் எனக்குத் திராட்சை ஜூஸும் கொஞ்சம் ஆஸ்பத்திரியும் தவிர ஒன்றும் தெரியவில்லை. பரோலோவின் நிறமே வேறு. இவ்வளவு பெயர் பெற்ற ஒயின் கன்னங்கரேலென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது நனைந்த செங்கல் நிறத்தில், அடியில் வைத்த காகிதத்தின் எழுத்து தெரிகிற அளவுக்கு வெளிறியிருந்தது. கோப்பையைச் சுழற்றி மூக்கை உள்ளே விட்டேன். எங்கேயோ தெரிந்த வாசனை. கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். சாமி படத்துக்குப் போட்டு ரெண்டு நாளான ரோஜா மாலை. அதற்கு அடியில், வெயிலில் உருகுகிற தார் ரோடு.

இதை ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னதும் அந்தப் பெண் கையைத் தட்டினாள். நெப்பியோலோவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் காலங்காலமாகச் சொல்வது அந்த இரண்டு வாசனைகளைத்தானாம்: ரோஜா, தார். என்னோடு வந்தவர்கள் தோளில் தட்டினார்கள். செமஸ்டரில் ஃபர்ஸ்ட் கிளாஸ் வந்தபோதுகூட எனக்கு இவ்வளவு பெருமை வந்ததில்லை.

"இவ்ளோ நல்ல மூக்கை வெச்சுக்கிட்டு வாயில வைக்கலன்னா பாவம்" என்று சொல்லி, மேசை ஓரத்தில் இருந்த ஒரு பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தினாள். எச்சில் பாத்திரம். ஒரே நாளில் முப்பது, நாற்பது ஒயின்களைச் சுவைக்கிற தொழில்காரர்கள் எதையும் விழுங்குவதில்லை. வாயில் வைத்துச் சுழற்றித் துப்பிவிடுகிறார்கள்.

நான் யோசித்தேன். என் சத்தியத்தின் சொற்கள் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. 'ஒரு சொட்டுகூட உள்ள போகக் கூடாது.' உள்ளே போகக் கூடாது என்றுதான் இருக்கிறது, வாயில் படக் கூடாது என்று இல்லை. கிளையன்ட் எழுதிக் கொடுத்த வரையறையில் ஓட்டை கண்டுபிடித்தே பதினான்கு வருஷம் பிழைத்தவன். ஒரு வாய் எடுத்து, பத்து நொடி வைத்திருந்து, துப்பினேன்.

ரோஜாவெல்லாம் ஓடிப்போய்விட்டது. கொட்டைப்பாக்கைக் கடித்த மாதிரி ஈறும் கன்னத்தின் உட்பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொண்டன. டானின், என்றாள். எச்சிலில் இருக்கிற புரதத்தை அது பிடித்துக்கொள்வதால்தான் வாய் இப்படி வறண்டுபோகிறது. "இது சுவை இல்ல, தொடு உணர்ச்சி" என்று விளக்கினாள். எங்கள் மொழியில் இதைச் சுவையாகத்தான் எண்ணுவோம், ஆறு சுவையில் ஒன்று, துவர்ப்பு என்று பேர் என்றேன். நாவல்பழமும் வாழைப்பூவும் சாப்பிட்டு வளர்ந்த வாய்க்கு இது புதிதில்லை. அவள் அந்தச் சொல்லை மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். 'துவர்ப்பு'.

*

அந்தச் சத்தியத்துக்குக் காரணம் என் சின்ன மாமா. அம்மாவின் தம்பி.

விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்தில் மாமா வயர்மேனாக இருந்தார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும். பள்ளி லீவுக்குப் போனால் என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போவார். ஒரு பலகையில் மூன்று குண்டு பல்பை மாட்டி, தொடர் இணைப்பு என்றால் என்ன, பக்க இணைப்பு என்றால் என்ன என்று எனக்குக் காட்டியவர் அவர்தான். ஒரு பல்பைக் கழற்றுவார். மூன்றும் அணையும். மாற்றி மாட்டிவிட்டுக் கழற்றுவார். மற்ற இரண்டும் எரிந்துகொண்டே இருக்கும். "பாத்தியா, ஒருத்தன் போனா எல்லாரும் போகணும்னு இல்ல" என்பார். நான் எலக்ட்ரிகல் எடுத்ததற்கு அந்தப் பலகைதான் காரணம். அப்புறம் மென்பொருளுக்கு வந்ததற்கு சம்பளம் காரணம்.

2000ஆம் ஆண்டு சித்திரை மாதம். ஏழாவது முடித்த லீவு. ஒருநாள் ராத்திரி மாமா கொஞ்சம் லேட்டாக வந்தார், சாப்பிட்டார், படுத்தார். மறுநாள் காலையில் வயிறு வலிக்கிறது, தலை வலிக்கிறது என்று எழுந்திருக்கவே இல்லை. உச்சி வெயில் நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு திண்ணைக்கு வந்து நின்றார். தெருவைப் பார்த்தார்.

"என்னாடா இது, இந்த மாசத்துல இவ்ளோ பனி?"

நான் சிரித்தேன். விளையாடுகிறார் என்று நினைத்தேன். இருபத்து நாலு வருஷமாக என் காதில் இருக்கிறது அந்தச் சிரிப்பு.

பாக்கெட் சாராயம். மாமாவோடு சேர்ந்து குடித்த இன்னொருவர் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். மாமா மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார், உயிரோடு. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது, அதுவும் ஒரு வருஷத்தில் போய்விட்டது. ஆவணியில் நடக்கவிருந்த கல்யாணம் நின்றது. வெளியே கேட்டவர்களுக்கு 'மூளைக் காய்ச்சல்' என்று சொன்னோம். பள்ளியில் நானும் அதையேதான் சொன்னேன். அந்த மாதம்தான் அம்மா என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு சத்தியம் வாங்கினாள்.

அதற்குப் பிறகு அந்த ராத்திரியைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. மாமாவிடம் யாரும் கேட்டதில்லை. குடித்தவன் மேல் கோபப்படலாம், கண் போனவன் மேல் பரிதாபப்படலாம். ரெண்டும் ஒரே ஆள் என்றால் என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பேசாமல் இருந்துவிட்டோம்.

*

மதியச் சாப்பாடு அவளுடைய 'ட்சியோ' வீட்டில். மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லோருக்கும் அங்கே அந்த ஒரே சொல்தான். எங்கள் கணக்குப்படி அவர் பெரியப்பா, அவள் அப்பாவின் அண்ணன். எண்பதைத் தாண்டியவர். கொஞ்சம் நிலம், கொஞ்சம் கொடி. வாயிற்படியில் நின்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கை மரப்பட்டை மாதிரி இருந்தது.

முட்டை மஞ்சள்கரு சேர்த்துப் பிசைந்து நூலாக வெட்டிய தாயாரின், அதன் மேல் வெண்ணெய். மேசையில் லேபிள் ஒட்டாத பாட்டிலில் அவர் வீட்டு பார்பேரா. சாதாரணக் கண்ணாடி டம்ளர்களில் ஊற்றினார். அந்த வீட்டில் யாரும் டம்ளரைச் சுழற்றவில்லை, மோந்து பார்க்கவில்லை. நாம் சாப்பாட்டோடு மோர் குடிப்பதைப் போலக் குடித்தார்கள். என் டம்ளரைக் கையால் மூடினேன். மதமா என்று கேட்டார்.

வழக்கமான 'ஒத்துக்காது' வாய்வரை வந்தது. ஏனோ அன்றைக்குச் சொல்ல முடியவில்லை. காலையில் துப்பிய பரோலோவின் குற்றவுணர்வாக இருக்கலாம். அந்தக் கிழவரின் கையாகவும் இருக்கலாம். அவளிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: "என் மாமா கலப்படச் சாராயம் குடிச்சு கண் பார்வை போயிடுச்சு. நான் சின்னப் பையனா இருந்தப்போ."

வாழ்க்கையில் முதல் தடவையாக வெளி ஆளிடம் அதைச் சொன்னேன். அவள் ஒரு நொடி தயங்கி, மொழிபெயர்த்தாள். பெரியவர் தன் டம்ளரைக் கீழே வைத்தார். ஒரே ஒரு சொல் சொன்னார். அதை யாரும் எனக்கு மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

"மெத்தனோலோ."

*

அவர் சொன்னதை அவள் துண்டு துண்டாக மாற்றிச் சொன்னாள். பிறகு நானும் படித்துத் தெரிந்துகொண்டேன்.

1986 மார்ச். மிலான் நகரத்தில் சிலர் அடுத்தடுத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், சிலர் இறந்துபோனார்கள். எல்லோரும் கடையில் மலிவு விலைக்கு வாங்கிய ஒயின் குடித்தவர்கள். பாட்டிலில் பார்பேரா என்று எழுதியிருந்தது. மொத்தம் 23 பேர் செத்தார்கள். பலருக்குக் கண் போனது. விசாரணை வந்து நின்ற இடங்களில் ஒன்று நார்ட்சோலே என்கிற ஊர், பரோலோவிலிருந்து சில கிலோமீட்டர் தூரம்.

செய்த காரியம் எளிமையானது. மலிவு ஒயின் மொத்த வியாபாரத்தில் ஆல்கஹால் அளவை வைத்து விலை பேசுவார்கள். நீர்த்த ஒயினைக் கெட்டியாகக் காட்ட வேண்டும். சர்க்கரை சேர்ப்பதை இத்தாலியச் சட்டம் அனுமதிப்பதில்லை. வரி நீக்கப்பட்டிருந்ததால் அந்தச் சமயத்தில் மெத்தனால் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. ஊற்றினார்கள்.

"நான் ஒரு தப்பும் பண்ணல" என்றார் பெரியவர். "என் ஒயின் சுத்தம். ஆனா அந்த வருஷம் வாங்க ஆளில்ல. டூரின் போனா எந்த ஊர்னு கேப்பாங்க. நான் வேற ஊர் பேரைச் சொல்லுவேன்."

எனக்கு 'மூளைக் காய்ச்சல்' ஞாபகம் வந்தது.

காலையில் நான் ரோஜாவும் தாரும் கண்டுபிடித்த கதையை அவள் பெருமையாகச் சொன்னாள், பேச்சை மாற்றுவதற்காக. அவர் சிரிக்கவில்லை. என் மூக்கைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னார். அவள் மெதுவாக மொழிபெயர்த்தாள். "நல்ல மூக்கு இருந்தா ரோஜாவைக் கண்டுபிடிக்கலாம். மெத்தனாலை எந்த மூக்காலயும் கண்டுபிடிக்க முடியாது."

*

அன்று ராத்திரி ஓட்டல் அறையில் தூக்கம் வரவில்லை. மாமாவின் உடம்புக்குள் என்ன நடந்தது என்று இருபத்து நாலு வருஷத்தில் நான் ஒரு தடவைகூடப் படித்ததில்லை. வேலையில் ஒரு சின்ன பிழைக்கு நாள் முழுக்க லாக் தேடுகிறவன், இதைத் தேடியதில்லை.

மெத்தனாலும் எத்தனாலும் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள். ஒரு கார்பன்தான் வித்தியாசம். நிறம் ஒன்று, வாசனை கிட்டத்தட்ட ஒன்று, போதை ஒன்று. கலந்துவிட்டால் நாக்குக்கும் மூக்குக்கும் பிடிபடாது. எல்லா ஒயினிலுமே கொஞ்சம் மெத்தனால் இயற்கையாக இருக்கிறது, திராட்சைத் தோலில் உள்ள பெக்டினிலிருந்து வருவது. அது இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு உண்டு. வரம்புக்குள் இருந்தால் உடம்பு சமாளித்துவிடும்.

மெத்தனால் அதிகமானால் கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அமிலம் சேரச் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் குடித்த ராத்திரி ஒன்றும் தெரிவதில்லை, விஷம் மறுநாள்தான் முகம் காட்டுகிறது. அந்த அமிலம் முதலில் தாக்குகிற இடங்களில் ஒன்று கண் நரம்பு. பனிப்பொழிவுக்குள் நின்று பார்ப்பது மாதிரி இருக்கிறது என்று நோயாளிகள் சொல்வார்களாம், மருத்துவக் கட்டுரைகளில் அப்படியே எழுதியிருக்கிறார்கள். அந்த வரியில் நின்றுவிட்டேன். மாமா விளையாடவில்லை. மருத்துவப் பாடப்புத்தகம் சொல்வதைத்தான் திண்ணையில் நின்று சொல்லியிருக்கிறார்.

அடுத்து படித்தது இன்னும் மோசம். இதற்கு மாற்றுமருந்து எத்தனால். நல்ல ஆல்கஹால். கல்லீரலில் இரண்டுக்கும் ஒரே நொதிதான். எத்தனாலை அளவாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால் நொதி அதைக் கவனிக்கப் போய்விடும், மெத்தனால் அமிலமாக மாறாமல் மெல்ல வெளியேறும். கோப்பையில் நான் சுழற்றிய சரக்கும் அந்த மருந்தும் ஒரே பொருள்.

அந்த ஜூனில்தான் கள்ளக்குறிச்சி நடந்திருந்தது. கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம், 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் கூலி வேலை செய்கிறவர்கள். என் டைம்லைனில் பாதிப் பேர் 'குடிகாரனுக்கு எதுக்கு நிவாரணம்' என்று எழுதினார்கள். நான் ஒன்றும் எழுதவில்லை. ஊரில் மாமா, டிவியை அணைக்கச் சொன்னாராம்.

குடியில் உயர்ந்தது, தாழ்ந்தது என்று எனக்குள்ளும் ஒரு தராசு இருந்தது. மலையுச்சியில் கோப்பையைச் சுழற்றுவது ரசனை, சைக்கிள் ஸ்டாண்டில் பாக்கெட்டைக் கடித்து உறிஞ்சுவது சீரழிவு. அந்தத் தராசை அந்தப் பெரியவர் உடைத்துவிட்டார். அதே குன்றுகளின் பக்கத்திலிருந்து அதே விஷம் வந்திருக்கிறது. ரசனையில் ஊறிய நாடுதான் அது, குடித்துச் செத்தவர்கள் மலிவு பாட்டில் வாங்கியவர்கள்.

பரோலோ பாட்டில் ஒவ்வொன்றின் கழுத்திலும் அரசு எண் அச்சிட்ட ஒரு பட்டை ஒட்டியிருக்கிறது. காலையில் அதை அலங்காரம் என்று நினைத்தேன். 1986க்குப் பிறகு இத்தாலி, உணவுக் கலப்படத்தைப் பிடிப்பதற்கென்றே ஒரு மத்திய ஆய்வு அமைப்பை உண்டாக்கியது. பிடிபட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். அளவைக் குறைத்துத் தரத்தைக் கூட்டினால்தான் பிழைக்க முடியும் என்று ஒயின்காரர்கள் முடிவெடுத்தார்கள். நான் ரோஜாவையும் தாரையும் நிதானமாகத் தேட முடிந்ததற்குக் காரணம், அந்தக் கோப்பையில் என்ன இல்லை என்பதை எனக்கு முன்பே யாரோ பரிசோதித்திருந்ததுதான். ரசனைக்கு முன்னால் ஒரு லேப் ரிப்போர்ட் இருக்கிறது. மாமாவின் பாக்கெட்டுக்கு அது இல்லை.

*

ஊருக்கு வந்ததும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வாயில் வைத்தேன், துப்பிவிட்டேன் என்று. அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.

"முழுங்கல?"

"இல்லம்மா."

"காசு குடுத்து வாங்கித் துப்புறதுக்கா அவ்ளோ தூரம் போனே?"

அவ்வளவுதான். சத்தியம் பிழைத்ததா இல்லையா என்று இன்றுவரை தீர்ப்பு வரவில்லை.

மாமாவுக்கு ஆல்பாவிலிருந்து வறுத்த ஹேசல்நட் ஒரு பாக்கெட் வாங்கி வந்திருந்தேன். திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தேன். ஒன்றை எடுத்து மூக்கில் வைத்தார், அப்புறம் வாயில் போட்டார். "வேர்க்கடலைக்குப் பெரிய வீட்டுச் சொந்தம் மாதிரி இருக்கு" என்றார். பயணத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார். பனியைச் சொன்னேன், கோட்டைகளைச் சொன்னேன், ரோஜா மாலை, தார் ரோடு, துவர்ப்பு எல்லாம் சொன்னேன். பெரியவரைப் பற்றிச் சொன்னேன். 1986ஐப் பற்றிச் சொன்னேன். அங்கேயும் 23 பேர், மாமா. அங்கேயும் கண்ணுதான்.

மாமா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்.

கேட்டுவிட்டேன். "அன்னைக்கு அது எப்படி இருந்துச்சு, மாமா?"

உள்ளே அம்மா பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. மாமா தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டிருக்கக் கூடாதோ என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது.

"இத்தன வருசத்துல நீதான்டா மொதல்ல கேக்குற" என்றார். "ஒண்ணுமே வித்தியாசமா இல்ல. வாசனையும் அதேதான், ருசியும் அதேதான். நான்கூட ரொம்ப நாள் யோசிச்சுப் பாத்துருக்கேன், ஏதாவது ஒண்ணு தெரிஞ்சுருக்கணுமே, நாமதான் கவனிக்காம விட்டுட்டமோன்னு. எப்பவும் போலத்தான் இருந்துச்சு."

"அது யாருக்குமே தெரியாது மாமா. ஒயின் மோந்து பாக்குறதையே தொழிலா வெச்சிருக்கவங்களுக்கும் தெரியாது. எந்த மூக்காலயும் முடியாதுன்னுதான் அந்தப் பெரியவரு சொன்னாரு."

"அப்படியா சொன்னாரு?"

"ஆமா."

பாத்திரச் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது. மாமா இன்னொரு ஹேசல்நட்டைத் தேடி எடுத்தார். வாயில் போடவில்லை, விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த ரோஜா மாலைன்னியே, புது மாலையா, காஞ்சதா?"

"ரெண்டு நாள் ஆனது மாமா."

"ம்" என்றார். முகத்தைக் கொஞ்சம் தூக்கி, மூச்சை மெதுவாக உள்ளே இழுத்தார்.